பேட்டரி இல்லாத போர்டு

செத்துப்போன பேட்டரியைப் பார்க்கலாம் என்று கேசட்டைத் திறந்தார்கள். உள்ளே பேட்டரியே இல்லை.

துப்பறிவாளர் சோடாபுட்டி தன் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, மூக்கில் இடிக்கிற தூரத்தில் அந்தச் சர்க்யூட் போர்டைப் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார். துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த கடைகளையும் நனைந்த சரக்குகளையும் சோதித்து வந்த மனிதர். அவர் ஒரு பொருளைப் பார்க்க ஆரம்பித்தால் அந்தப் பொருளுக்கே கூச்சம் வந்துவிடும். பெற்றவர்கள் அவருக்கு நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். கண்ணாடியின் தடிமனைப் பார்த்து எந்தப் புண்ணியவானோ சூட்டிய பெயர்தான் நிலைத்துவிட்டது.

"பாஸ், இப்படியே புரட்டிக்கிட்டு இருந்தீங்கன்னா தலை சுத்தி அதுவே குத்தத்தை ஒத்துக்கும்," என்றாள் பட்டாசு.

பட்டாசு அவருடைய ஒரே உதவியாள். தூக்கத்தில்கூட எதிர்ப்பேச்சு பேசுவாள் என்று அவளுடைய அம்மாவே சர்டிபிகேட் கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று காலை அந்த வேடிக்கை எடுபடவில்லை. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பெண் சிரிக்கவில்லை. சிரித்து ரொம்ப காலம் ஆகியிருக்கும் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பட்டாசுக்குத் தன் வாய்மேலேயே எரிச்சல் வந்தது.

வந்திருந்தவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். வேலைக்குப் போகிற வழியில் கேசட்டைக் கைக்குட்டையில் பொதிந்து எடுத்து வந்திருந்தார். கேசட் என்றால் பாட்டுக் கேசட் இல்லை. பழைய வீடியோ கேம் பெட்டியில் சொருகி ஆடுகிற பிளாஸ்டிக் கேசட். மேலே ஏழு கோட்டைகள் வரைந்த படம் ஒட்டியிருந்தது. ஆட்டத்தின் பெயரும் ஏழு கோட்டைதான்.

"இது உங்க பொண்ணோடது. இல்லையாம்மா?" என்றார் சோடாபுட்டி.

"ஆமா சார். பெட்டி எங்க வீட்டுக்காரர் சின்ன வயசுல ஆடினது. அதை அவளுக்குக் குடுத்தார். ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து ஆடுவாங்க. அவளை வாலுன்னுதான் கூப்பிடுவோம். ஆட்டத்துலயும் அந்தப் பேரைத்தான் போட்டிருந்தா." மருந்துக்கடை அம்மா கைக்குட்டையை நான்காக மடித்தார். "போன வருஷம் காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். திரும்பி வரல."

பட்டாசு தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"பெட்டியைப் போட்டா முதல்ல மூணு வரி வரும் சார். யார் யார் எதுவரைக்கும் ஆடியிருக்காங்கன்னு. முதல் வரியில வாலுன்னு இருக்கும். பக்கத்துல சின்னச் சின்னதா இதயம். கீழ, தொடரலாமான்னு கேக்கும்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "அவ எழுதினது, வரைஞ்சது எல்லாம் வீட்டுல இருக்கு. ஆனா அதெல்லாம் அவ முடிச்சு வெச்சது. இதுல மட்டும்தான் அவ பாதியில நிக்கறா. அதனால தினமும் சாயங்காலம் அவ ரூமுக்குப் போய், பெட்டியைப் போட்டு, அந்த வரியை ஒரு தடவை பார்ப்பேன். அணைச்சுட்டு சமைக்கப் போவேன்."

"நீங்க ஆடினதில்லையா?"

"இந்தப் பெட்டியில இல்ல. தப்பா எதையாவது அமுக்கிட்டேன்னா? பயம். அவ என்னதான் ஆடினான்னு தெரிஞ்சுக்க ஆசையா இருந்துச்சு. அதே ஆட்டத்தைக் கம்ப்யூட்டர்ல இறக்கி, அதுல பழகிக்கிட்டேன். எமுலேட்டர்ங்கறாங்களே, பழைய பெட்டி மாதிரியே கம்ப்யூட்டரை நடிக்க வெக்கற புரோகிராம், அதுல."

"சரி. அப்புறம்?"

"போன வாரம் போட்டா மூணு வரியும் காலி. ரிப்பேர் கடையில காட்டினேன். அவன் திறந்துகூடப் பார்க்கல, உள்ள பேட்டரி செத்திருக்கும், விட்டுத் தள்ளுங்கன்னான். விட்டுத் தள்றதாம்!"

சோடாபுட்டி கண்ணாடியை இறக்கிக்கொண்டார். வாடிக்கையாளரின் முகத்தை அவர் எப்போதும் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பார்.

"பேட்டரி செத்திருக்க முடியாதும்மா. இந்தப் போர்டுல பேட்டரி வெக்க இடமே இல்ல. கரன்ட் போனா எல்லாத்தையும் மறந்துடற போர்டு இது. உங்க பொண்ணு பேர் இதுல ஒரு ராத்திரிகூடத் தங்கியிருக்காது. வெளி ஓடு உங்களோடதுதான். திருகாணியில புதுசா கீறல் இருக்கு பாருங்க, யாரோ திறந்து உள்ள இருந்த போர்டை மாத்தியிருக்காங்க."

மருந்துக்கடை அம்மா குனிந்து அந்தத் திருகாணியைப் பார்த்தார். பிறகு, கேள்விக்கே வேலை இல்லை என்பது போல, "அவர்தான்," என்றார்.

"யாரு?"

"எங்க வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். எந்தத் திருகாணியையும் திறப்பார். வாலு போனதுக்கப்புறம் அவ பேரை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்ல. அந்த ரூம் பக்கமே வர மாட்டார். நான் அந்தப் பெட்டி முன்னாடி உட்காருவேன், அவர் வெளியில வேற எங்கயாவது பார்த்துக்கிட்டு உட்காருவார். அவருக்கு அவ முடிஞ்சுபோயிட்டா. எனக்கும் முடிஞ்சுடணும்னு எடுத்துட்டார் போல." கைக்குட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். "அவர்தான்னா நான் அந்த வீட்டுக்குத் திரும்பப் போறதில்ல சார். என் துணிமணியெல்லாம் அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். யாருன்னு உறுதியா தெரியணும், அவ்வளவுதான். சாயங்காலம் வரைக்கும் கடையில இருப்பேன்."

அவர் போன பிறகு பட்டாசு வெகுநேரம் எதுவும் பேசவில்லை. சோடாபுட்டிக்கே பயமாகிவிட்டது.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"இல்ல பாஸ். அந்த ஆளைப் பார்த்தா என்ன திட்டலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கு முன்னாடி இந்த போர்டு எங்கேருந்து வந்துச்சுன்னு பார்ப்போம், வா."

*

ஊரில் இந்த மாதிரிச் சரக்கு வைத்திருக்கிறவர் ஒரே ஒருத்தர். கேசட் ராஜா. ராஜா என்பது அவருக்கு அவரே கொடுத்துக்கொண்ட பட்டம். கடைத்தெருக் கட்டடம் ஒன்றின் அடித்தளத்தில் கடை. கூரை வரைக்கும் பழைய பெட்டிகளும் கேசட்டுகளும். நடுவே ஒரு விளக்கு, அதற்குக் கீழே ஒரு கேமரா, கேமராவுக்குக் கீழே ஓடு கழற்றிய போர்டு ஒன்று வெட்கப்பட்டுக்கொண்டு கிடந்தது.

சோடாபுட்டி நீட்டியதை ராஜா வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "நம்ம கடைச் சரக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"பெட்டியில சொருகற விளிம்புல இருக்கற தங்கப் பல்லைப் பாருங்க. இப்படிப் பளபளன்னு எவன் துடைப்பான்? ரப்பர் போட்டுத் தேய்ச்சு, ஸ்பிரிட்ல கழுவி, பூந்துணியில ஒத்தி எடுப்பேன். பெத்த புள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டினதில்லைன்னு வீட்டுல சண்டை."

"அது சரி, ஒவ்வொண்ணையும் எதுக்கு போட்டோ எடுக்கறீங்க? பாஸ்போர்ட்டா வாங்கித் தரப் போறீங்க?" என்றாள் பட்டாசு.

ராஜாவுக்கு இந்தக் கேள்வி போதும். நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "எமுலேட்டர் எழுதறவங்களுக்கு அனுப்பறேன் பொண்ணே. சிப்புல இருக்கற ஆட்டத்தை மட்டும் உருவிக் கம்ப்யூட்டர்ல போட்டா ஓடிடும்னு ஊர்ல நினைப்பு. ஓடாது! அது எந்தப் போர்டு மேல உட்கார்ந்திருந்துச்சு, எந்தக் கோடு எங்க போகுது, பேட்டரி உண்டா இல்லையா, எல்லாம் சொல்லணும். வெளியில ஒரே படம், ஒரே பேர். உள்ள திறந்தா போர்டு வேற வேற. தப்பான போர்டைச் சொல்லிட்டா திரை கலங்கிப் போகும், இல்ல சேமிச்ச பேர் தங்காது."

"ஏழு கோட்டையில எத்தனை விதம்?"

"ரெண்டு. முதல்ல வந்தது பச்சைப் போர்டு. ஓரத்துல வட்டமா பேட்டரி. அப்புறம் எவனோ காசை மிச்சம் பிடிக்க நகல் அடிச்சான். அதுதான் இந்தப் பழுப்பு. நடுவுல தார் ஊத்தின மாதிரி கறுப்பா ஒரு பொட்டு, பேட்டரி கிடையாது. சேமிச்சாச்சுன்னு பல்லைக் காட்டும். அணைச்சா அம்போ."

"இதை யார் வாங்கினாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! கடை திறந்த நாள்லேருந்து வர்றவன் எல்லாம் பேட்டரி இருக்கறதாதான் கேப்பான். பழுப்பை சும்மா குடுத்தாலும் வேண்டாம்பான். போன வாரம் ஒரு ஆள் வந்து, பேட்டரி இல்லாததுதான் வேணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். நகக்கண்ணெல்லாம் கிரீஸ்."

பட்டாசு சோடாபுட்டியின் முழங்கையை இடித்தாள். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வேற எதாவது கேட்டாரா?"

"முதல்ல தன்னோட பச்சைப் போர்டைத்தான் எடுத்துட்டு வந்தார். உள்ள ஏதாவது மிச்சம் இருக்கா பாருங்கன்னார். பேட்டரியை அளந்தேன், கல்லு மாதிரி நல்லா இருந்துச்சு. ஆனா உள்ள இருந்ததெல்லாம் குப்பை. குழந்தை பலகையில கிறுக்கின மாதிரி. நான் சொன்னேன், யாரோ ரீசெட் பிடிக்காம அணைச்சிருக்காங்கன்னு. தெரியும்ங்கன்னார். தெரிஞ்சா எதுக்கு வந்தார்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

"ரீசெட் பிடிக்கறதுன்னா?" என்றாள் பட்டாசு.

"அந்தக் காலத்துப் பெட்டி. கரன்ட் போற நேரத்துல அதோட மூளை ஒரு கணம் பேயாட்டம் ஆடும். எதை எங்க எழுதறோம்னு அதுக்கே தெரியாது. பத்து தடவை ஒண்ணும் ஆகாது, பதினோராவது தடவை சேமிச்சு வெச்சதுமேல கிறுக்கிடும். ரீசெட் பொத்தானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே அணைச்சா கையைக் கட்டிக்கிட்டு சும்மா இருக்கும். அப்ப ஆடினவங்களுக்கு இது மூச்சு விடற மாதிரி. இப்பத்த ஆளுங்களுக்குத் தெரியாது. எமுலேட்டர்ல அந்த வம்பே இல்லையே! மூடினா தானா எழுதி வெச்சுக்கும். அதுல பழகிட்டு நிஜப் பெட்டியைத் தொட்டா, இப்படித்தான்."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். அதில் தூசு எதுவும் இல்லை.

"உங்க பெட்டி ஒண்ணு கொஞ்ச நேரத்துக்குக் கடனா கிடைக்குமா?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் பட்டாசு பொரிந்து தள்ளினாள். "முடிஞ்சது பாஸ் கேஸ். பொண்டாட்டி இல்லாத நேரமா பார்த்து அந்த ஆள் போட்டிருக்கார், அணைச்சிருக்கார், அழிஞ்சு போச்சு. மாட்டிக்கக் கூடாதுன்னு போர்டை மாத்திட்டார். பிடிச்சோமா, திட்டினோமான்னு இல்லாம இந்தப் பெட்டியை எதுக்கு நான் சுமக்கணும்?"

"கனமா இருக்கா?"

"இல்ல. காரணம் தெரியாம சுமக்கறதுதான் கனம்."

அவர் விறுவிறுவென்று முன்னால் நடந்தார். அவர் இப்படி நடந்தால் நல்ல சேதி இருக்காது என்பது பட்டாசுக்குத் தெரியும்.

*

லிஃப்ட் மெக்கானிக் அன்றைக்கு ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வேலையாக இருந்தார். அவர் வேலையாக இருந்ததால் லிஃப்ட் நின்றிருந்தது.

"லிஃப்ட் மெக்கானிக்கைப் பார்க்கப் படியேறிப் போற கொடுமை யாருக்கும் வரக்கூடாது," என்று மாடிக்கு மாடி நின்று சொல்லிக்கொண்டே பட்டாசு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். மேலே போனதும் அவளுக்குச் சொல்ல மூச்சு இல்லை.

எந்திர அறை சின்னது. ஆள் உயரச் சக்கரமும், அதில் சுற்றிய கம்பிக் கயிறுகளும், கிரீஸ் வாடையும். ஒல்லியான ஒரு மனிதர் கயிற்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். சோடாபுட்டி வந்த விஷயத்தைச் சொல்லி, பழுப்புப் போர்டை எடுத்து நீட்டினார்.

மெக்கானிக் அதை வாங்கவில்லை. "நான்தான் மாத்தினேன்," என்றார்.

பட்டாசு இத்தனை நாளில் மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறாள், ஓடியவர்களைப் பார்த்திருக்கிறாள். கேட்பதற்கு முன்னால் ஒப்புக்கொண்டவரைப் பார்த்ததில்லை.

"பழைய போர்டு?"

"குப்பையில போட்டுட்டேன். தினமும் அவ அந்தப் பெட்டி முன்னாடி போய் உட்கார்றது எனக்குப் பிடிக்கல. கோபம் வந்துச்சு, எடுத்தேன், போட்டேன். அவகிட்ட இதையே சொல்லிடுங்க." பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னார்.

"நல்லா இருக்குங்க நீங்க சொல்றது," பட்டாசுக்கு மூச்சு திரும்பிவிட்டது. "பெத்த பொண்ணு பேருங்க அது! அந்தம்மா அதை ஒண்ணைப் பார்த்துக்கிட்டு உயிரோட இருக்காங்க. உங்களுக்குக் கோபம் வந்தா சுவத்துல போய் முட்டிக்க வேண்டியதுதானே?"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். திட்டு இன்னும் கொஞ்சம் கிடைத்தால் தேவலை என்பது போல் நின்றார்.

"விடு பட்டாசு. அந்தப் பெட்டியை மேசைமேல வெச்சு பிளக்கைச் சொருகு, கேசட் கடைக்காரர் ஓடுதா பார்த்துட்டு வரச் சொன்னார்," என்றார் சோடாபுட்டி. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பழுப்புப் போர்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார். "சரிங்க, நாங்க கிளம்பறோம். அதைக் கொஞ்சம் அணைச்சு விட்டுடுங்க."

மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தார். இடது கட்டைவிரல் ரீசெட் பொத்தானை அமுக்கிப் பிடித்தது. வலது கை ஸ்விட்சைத் தள்ளியது. விளக்கு அணைந்தது. அதற்கப்புறமும் ஒரு கணம் கழித்துத்தான் இடது கை எழுந்தது.

"ஒரு ஸ்விட்சை அணைக்க ரெண்டு கை எதுக்குங்க?" என்றார் சோடாபுட்டி.

மெக்கானிக் தன் கைகளைப் பார்த்தார். பட்டாசு அவரைப் பார்த்தாள். படியேறிச் சுமந்து வந்தது எதற்கென்று இப்போது புரிந்தது, புரியாமலே இருந்திருக்கலாம் என்றும் இருந்தது.

"சின்ன வயசுப் பழக்கம். உங்க கை மறக்காது. வாலுக்குக் கத்துக் குடுத்ததும் நீங்கதான். நீங்க அணைச்சிருந்தா அந்தப் பேர் அழிஞ்சிருக்காது. அந்த வீட்டுல பெட்டியை அணைக்கறவங்க இன்னொருத்தர்தான் இருக்காங்க. கம்ப்யூட்டர்ல பழகினவங்க."

"சார், மெதுவா," என்றார் மெக்கானிக். சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. ஊருக்கு மேலே இருந்த அந்த அறையில் யார் காதில் விழப்போகிறது? ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினார்.

"நான் அந்த ரூமுக்குப் போறதே இல்ல சார். போனா குழந்தை என் மடியில வந்து உட்கார்ற நேரம் ஞாபகம் வரும். அன்னிக்குத்தான், இப்படியே இருந்தா எப்படி, போய் அவ பக்கத்துல உட்காருவோம்னு எழுந்து போனேன். கதவுக்கிட்ட போறேன், அவ ஸ்விட்சைத் தட்டறா. வெறும் ஸ்விட்சை. ரீசெட்டைப் பிடிக்கல. கையை நீட்டிக்கிட்டு ஓடறேன், வார்த்தை வரல. அணைஞ்சு போச்சு. மறுநாள் அவ கடைக்குப் போனதும் போட்டுப் பார்த்தேன். மூணு வரியும் காலி."

"அப்படியே விட்டிருக்கலாமே. எதுக்கு போர்டை மாத்தினீங்க?"

"அப்படியே விட்டா எங்கயாவது கொண்டு போய்க் காட்டுவா. அந்தக் கேசட் கடைக்காரர் மாதிரி ஒருத்தர், பேட்டரி நல்லா இருக்கு, உங்களுக்கு அணைக்கத் தெரியலன்னு பட்டுன்னு சொல்லிடுவார். போர்டுலயே பேட்டரி இல்லேன்னா யாரும் அதைச் சொல்ல முடியாதுல்ல? ஏதோ கோளாறுன்னு விட்டுடுவான்னு நினைச்சேன். துப்பறியறவங்ககிட்ட போவான்னு எனக்கென்ன தெரியும்?"

அவர் கருவிப் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர்களுக்குக் கீழே சுத்தமான மஞ்சள் துணியில் சுற்றிய பச்சைப் போர்டு இருந்தது. குப்பையில் போட்டதாகச் சொன்னது. அதைத் துணியோடு கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"குழந்தையை ஒரு நாள் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்னு சொல்லிச் சொல்லியே அவ பாதியாயிட்டா சார். அவ மேல எந்தத் தப்பும் இல்லேன்னு டாக்டரே சொன்னார், கேக்கல. இப்ப இதையும் நீதான் அழிச்சேன்னு சொன்னா இருப்பாளா? உண்மையில தப்பு என்னோடது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் அந்த ரூமுக்குப் போய் அவ பக்கத்துல உட்கார்ந்திருந்தா, இப்படி அணைக்கணும்மான்னு சொல்லியிருப்பேன்."

"உங்களை விட்டுட்டுப் போயிடுவேன்னு சொல்றாங்க," என்றாள் பட்டாசு. அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"போகட்டும்மா. அவ அக்கா நல்லா பார்த்துக்குவாங்க. என்மேல கோபமா இருந்தா அவ எழுந்து நடப்பா. தன்மேல கோபமா இருந்தா எழுந்திருக்கவே மாட்டா."

சோடாபுட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "நான் வாடிக்கையாளர்கிட்ட பொய் சொன்னதில்லைங்க."

"நீங்க பொய் சொல்ல வேண்டாம் சார். நான் சொன்னதை, நான் சொன்னேன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

இறங்கும்போது லிஃப்ட் ஓடியது.

*

மருந்துக்கடையில் கூட்டம் குறைந்திருந்தது. மருந்துக்கடை அம்மா அவர்களை அலமாரிகளுக்குப் பின்னால், பெட்டிகள் அடுக்கிய மூலைக்கு அழைத்துப் போனார். உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டார்.

"தான்தான் மாத்தினதா உங்க வீட்டுக்காரர் சொல்றார்," என்றார் சோடாபுட்டி. ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "கோபத்துல மாத்தினதா சொல்றார். பழைய போர்டைக் குப்பையில போட்டுட்டதா சொல்றார்."

மருந்துக்கடை அம்மா தலையாட்டினார். எதிர்பார்த்த அடிதான், ஆனாலும் முகம் வெளுத்தது. "சரி. அவ்வளவுதானே. அக்காவுக்குப் போன் பண்ணிடறேன்." போனை எடுத்தவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "குப்பையிலயா?"

"அப்படித்தான் சொல்றார்."

"வளைஞ்ச ஆணியைக்கூடத் தட்டி நிமிர்த்தி டப்பாவுல போடற மனுஷன் சார் அவர். அவரா குப்பையில போட்டார்?"

சோடாபுட்டி தரையைப் பார்த்தார். பட்டாசு அவசரமாகக் குறுக்கே புகுந்தாள். "கோபம் வந்தா மனுஷங்க என்ன பண்றாங்கன்னு அவங்களுக்கே தெரியாதும்மா."

"அவருக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு அவர் மேல கோபம்." அவர் பட்டாசின் முகத்தையும் சோடாபுட்டியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாத்திரை கேட்டு வருகிறவர்கள் சொல்லாமல் விடுவதையெல்லாம் முகத்தில் படித்துப் பழகியவர். "அன்னிக்கு நான் அணைக்கறப்போ அவர் கதவுக்கிட்ட வந்தார். கையை நீட்டிக்கிட்டு வந்தார். அந்த ரூம் பக்கமே வராதவர் வந்திருக்காரேன்னு பார்த்தேன். ஒண்ணும் சொல்லாம போயிட்டார். மறுநாள்தான் காலியா இருந்துச்சு." குரல் மெல்ல மெல்ல இறங்கியது. "வாலு அணைக்கறப்போ ரெண்டு கையும் வெப்பா. எதுக்குடின்னு ஒரு தடவை கேட்டேன். அப்பா அப்படித்தான் சொன்னாரும்மான்னா. ஏதோ விளையாட்டுன்னு விட்டுட்டேன். அதுக்கு அர்த்தம் இருக்கா சார்?"

பொய் சொல்லத் தெரியாத சோடாபுட்டிக்கு உண்மையும் வரவில்லை.

முன்னால் யாரோ கண்ணாடி மேசையைத் தட்டினார்கள். மருந்துக்கடை அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். சீட்டை வாங்கிப் படித்தார், மாத்திரைகளை எண்ணி வெட்டினார். "இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது அப்புறம். மறந்துட்டா சேர்த்து ரெண்டா போடாதீங்க," என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். பிறகு திரும்பி வந்து ஒரு மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"ரெண்டு தடவையும் நான்தான் அவளை விட்டுட்டேன்," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் வந்தது அழுகை. வாயைக் கையால் பொத்திக்கொண்டு, வெளியே கேட்காத அழுகை. பட்டாசு தரையில் மண்டியிட்டு அவரைக் கட்டிக்கொண்டாள். ஆயிரம் பேச்சு பேசுகிற வாய், "அம்மா, அம்மா," என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. சோடாபுட்டி சுவரில் இருந்த விளம்பரத்தை ஒரு வரிகூடப் புரியாமல் படித்துக்கொண்டிருந்தார்.

அழுது ஓய்ந்ததும் மருந்துக்கடை அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "நான் நம்பிட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க சார்."

"எதைம்மா?"

"அவர் சொன்னதைத்தான். கோபத்துல மாத்தினார், குப்பையில போட்டார். நான் நம்பிட்டேன். பயங்கரக் கோபமா இருக்கேன்னும் சொல்லுங்க."

"அப்ப அக்கா வீட்டுக்கா போறீங்க?" என்றாள் பட்டாசு.

"எதுக்கு? அவ வீட்டுல போய் உட்கார்ந்துக்கிட்டு யாரைத் திட்டறது? என் வீட்டுக்குத்தான் போவேன். போய் நல்லா நாலு வார்த்தை கேக்கப் போறேன். தினமும் கேப்பேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிப்பார். நிக்கட்டும். எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டாவது அந்த மனுஷன் ராத்திரி கண்ணை மூடட்டும்." அவர் சோடாபுட்டியின் சட்டைப் பையைக் காட்டினார். "இப்பவே சொல்லுங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்ல வேண்டாம்."

சோடாபுட்டி போனை எடுத்தார். மறுமுனையில் மணி ஒரு தடவை அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லிட்டேங்க," என்றார் சோடாபுட்டி. தொழிலுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதையும் சரியாகப் பார்க்காமல் பேசினார். "நம்பிட்டாங்க. ரொம்பக் கோபமா இருக்காங்க. ஆனா வீட்டுக்குத்தான் வர்றாங்களாம்."

மறுமுனையில் சக்கரம் சுழல்கிற இரைச்சல் மட்டும் கேட்டது. மருந்துக்கடை அம்மா போனுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு சோடாபுட்டியின் கையைத் தொட்டு, உதட்டசைவு மட்டும் தெரிகிற மாதிரிச் சொன்னார்.

"சாப்பிட்டாரான்னு கேளுங்க. நான் கேட்டேன்னு சொல்லிடாதீங்க."